ஞாயிற்றுக்கிழமை மீன்

ஆர்னே விழுந்தது ஒரு கோப்பை காப்பிக்கு. இதை அவன் முகத்துக்கு நேரே சொன்னால்கூட மறுக்கமாட்டான்; காது மட்டும் சிவக்கும்.

போர் முடிந்து அவன் ஊருக்குத் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் புகைபோக்கி மட்டும் நின்றது. மற்றதையெல்லாம் பின்வாங்கிப் போன ஜெர்மன்காரர்கள் கொளுத்திவிட்டார்கள். நிஸ்கா ஊரில் எல்லோர் கதையும் அதுதான் என்பதால் யாரும் யாரிடமும் அழவில்லை. வறுத்த பார்லியை இடித்துக் கொதிக்கவைத்து, அதற்குக் காப்பி என்று பெயர் வைத்துக் குடித்துக்கொண்டே மறுபடி வீடு கட்டினார்கள். அந்தச் சமயத்தில்தான் ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் அணை கட்ட ஆள் எடுத்தார்கள். ஆர்னே போனான். பலகை அடிக்கிற ஆட்களுக்கு அவனை மேஸ்திரி ஆக்கினார்கள். அதோடு நின்றிருந்தால் ஊரில் ஒருத்தரும் ஒரு சொல் சொல்லியிருக்கமாட்டார்கள். அணையில் வேலை பார்த்தவன் அவன் ஒருவனா என்ன?

ஒரு நாள் இன்ஜினியர் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கணப்பு எரிந்துகொண்டிருந்தது. மேசையில் காப்பி இருந்தது. அசல் கொட்டையில் போட்ட நிஜக் காப்பி. பக்கத்தில் ஏலக்காய் வாசனையோடு இனிப்பு ரொட்டி. இன்ஜினியர் அவனை "நீங்க, வாங்க" என்று மரியாதையாகப் பேசினார். உங்கள் ஆற்றுக்காரர்கள் சால்மன் மீனை நினைத்துப் பயப்படுகிறார்கள், வழக்குப் போடப் போகிறார்களாம், அணையின் ஓரத்தில் மீனுக்கென்றே படிக்கட்டு கட்டப்போகிறோம், தொட்டிக்கு மேல் தொட்டியாக மீன் தாவி ஏறிவிடும், நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள் என்றார். சுவரில் மாட்டியிருந்த படத்தையும் காட்டினார். படத்தில் மீன்கள் அழகாக ஏறிக்கொண்டிருந்தன. ஆர்னேயின் கோப்பை காலியானதும் அவர் தன் கையாலேயே மறுபடி ஊற்றினார்.

அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடந்தது. நிஸ்காக்காரர்களும், ஆற்றில் அவர்களுக்கு மேலே இருக்கிற பெத்தாயா ஊர்க்காரர்களும் வந்து குழந்தைகளின் பெஞ்சுகளில் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஆர்னே எழுந்து நின்று, படிக்கட்டைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகச் சொன்னான். படத்தில் பார்த்தேன் என்று சொல்ல மறந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அதற்குமேல் ஒன்று சொன்னானே, அதை யார் கேட்டார்கள்?

"மீன் வரலன்னா என்னைக் கேளுங்க."

அவன் வார்த்தையை நம்பி வழக்கு வேண்டாமென்று கையைத் தூக்கினார்கள். கடைசியாகத் தூக்கியவள் அவனுடைய சித்தி ஹில்யா.

நிஸ்காவின் மீன்வேலிக்கு ஹில்யாதான் தலைவி. அவள் புருஷன் பார்த்த பொறுப்பு; அவர் போரில் போனபின் இவள் ஏற்றுக்கொண்டாள். வருஷா வருஷம் பனி உருகி வெள்ளம் வடிந்ததும், ஆற்றில் கழி ஊன்றி வேலி கட்டி, அதன் நடுவில் ஒரு கூடு வைப்பார்கள். கடலிலிருந்து ஏறிவரும் சால்மன் வேலியில் முட்டி, வழி தேடி, கூட்டுக்குள் வந்து நிற்கும். வேலி கட்டியவர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஆண் திரும்பி வராத வீட்டுக்கும் பங்கு உண்டு.

அந்த வேலிக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்தச் சர்க்காரும் போட்டதல்ல; சர்க்காருக்கு முந்தியது. கூட்டின் மேல்பக்கத்தில் ஒரு மரக்கதவு. சனிக்கிழமை மாலை, சவுனாவில் வெந்நீராவி பிடிக்கப் போகுமுன், அந்தக் கதவைத் தூக்கிவிட வேண்டும். திங்கள் காலைவரை இறக்கக் கூடாது. இடையில் வருகிற மீன் கூட்டுக்குள் புகுந்து மேலே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை மீன் மேலூராருக்குச் சொந்தம். ஏதோ தவறிக் கூட்டிலேயே செத்துக் கிடந்தால் படகில் எடுத்துப் போய்ப் பெத்தாயாவில் கொடுத்துவிட வேண்டும். இரண்டு ஊரும் ஒரே ஆற்றில் அடித்துக்கொள்ளாமல் பிழைத்தது இப்படித்தான்.

அணை ஆற்றை மறித்த முதல் கோடையில் மீன் வரவில்லை. கட்டுமான வேலையில் தண்ணீர் கலங்கிவிட்டது, அடுத்த வருஷம் பாருங்கள் என்றான் ஆர்னே. சொல்லும்போதே அவனுக்குத் தெரியும். படிக்கட்டைக் கட்டத்தான் செய்தார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. அணையின் ஒரு மூலையில், ஒரு வீட்டுக் கதவு அகலத்துக்கு, மரத்தொட்டிகள். அவ்வளவு பெரிய ஆற்றில் அந்த மூலையிலிருந்து ஒழுகிய தண்ணீரை எந்த மீன் கண்டது? தண்ணீர் எங்கே சீறி வந்ததோ அங்கேதான் அவை போய் முட்டின. முட்டிவிட்டு விழுந்து, மறுபடி முட்டின. மூக்குத் தோல் உரிந்து வெள்ளையாகத் தெரிகிறவரை முட்டின. கீழே கடலோரத்துக்காரர்கள் படகு படகாக அள்ளினார்கள். மதியச் சாப்பாட்டை வைத்துக்கொண்டு வேலையாட்கள் மேலே நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆர்னேயும் பார்த்தான். இன்ஜினியரிடம் கேட்கலாம் என்று போனால், அவர் வேறெங்கோ மாற்றலாகிப் போயிருந்தார். அவர் நாற்காலியில் இருந்தவருக்குப் படிக்கட்டைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

இதையெல்லாம் ஊரில் வந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் வீட்டுக்கு வந்தான், ஒவ்வொரு வாரமும் அடுத்த வாரம் சொல்லலாம் என்று தள்ளினான். அடுத்த ஜூன் மாதம் ஹில்யா வாசலில் வந்து நின்று நேராகவே கேட்டாள், இந்த வருஷம் வேலி கட்டலாமா வேண்டாமா என்று. கட்டுங்கள், படிக்கட்டு இப்போது சரியாகிவிட்டது என்றான். நாக்கு எப்படித்தான் புரண்டதோ.

நம்பி இறங்கினார்கள். உருகின பனி ஓடுகிற தண்ணீரில் இடுப்பளவு நின்று கழி ஊன்றினார்கள். மார்பில் குண்டுக் காயத்தோடு போரிலிருந்து திரும்பியவன்கூட இறங்கினான். கூட்டின் கிழிந்த வலைகளைப் பெண்கள் உட்கார்ந்து பின்னினார்கள். ஆர்னேயும் லீவு போட்டு வந்து நின்று கழி அடித்தான். வராத மீனுக்கு வேலி கட்டுகிறோம் என்று தெரிந்த ஒரே ஆள் அவன்தான். வேலி முடிந்தபின் நாள் போனது, கூட்டில் ஒன்றுமில்லை. முதலில் கேலி பேசினார்கள்.

"உன் மீனுக்கெல்லாம் முட்டி வலியா ஆர்னே? படி ஏற மாட்டேங்குதே."

"அதுக்கும் அங்க காப்பி குடுத்திருப்பாங்கடா. குடிச்சிட்டுக் கிளம்பும்."

காப்பி விஷயம் ஊருக்கு எப்படித் தெரிந்தது என்று அவன் கேட்கவில்லை. அவனேதான் பெருமையாகச் சொல்லியிருந்தான். பிறகு கேலியும் நின்றது. அதுதான் அவனைக் கொன்றது. அவன் மனைவி சாய்மி ஒரு சனிக்கிழமை அவன் தட்டில் உருளைக்கிழங்கை வைத்துவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"கடைக்குள்ள நான் நுழைஞ்சா பேச்சு நின்னுடுது. திட்டினாக்கூடப் பரவால்லன்னு இருக்கு. ஒரே ஒரு மீன், ஒண்ணே ஒண்ணு வந்துட்டாப் போதும்."

ஒன்றே ஒன்று. இந்தச் சொல் அந்த வாரம் முழுக்க அவன் காதில் குடைந்தது. அடுத்த சனிக்கிழமை அவன் அணைக்குக் கீழே ஒரு படகுக்காரனிடம் உயிரோடு ஒரு சால்மன் வாங்கினான். மத்தி மீன் உப்புப்போடுகிற பீப்பாயில் தண்ணீர் நிரப்பி அதில் விட்டு, ஆற்றின் மேலே அடுத்த அணைக்குச் சிமெண்டு ஏற்றிப் போகிற லாரியில் ஏற்றினான். ஆமாம், அடுத்த அணை. அதற்குள் அதையும் தொடங்கிவிட்டார்கள். லாரிக்காரன் பீப்பாயை எட்டிப் பார்த்தான்.

"ஏம்ப்பா, நீந்திப் போற மீனுக்கே வண்டி வச்சிட்டியா?"

ஆர்னே சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. வழியில் ஓடை கண்ட இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தச் சொல்லித் தண்ணீரை மாற்றினான். தன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அவன் அப்படித் தவித்ததில்லை.

ஊருக்கு வந்து சேர்ந்தபோது வீட்டுக்கு வீடு சவுனாவிலிருந்து புகை எழும்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் உள்ளே இருக்கிற நேரம். ஆற்றங்கரையில் ஒரு நாய்கூட இல்லை. அவன் இதைக் கணக்குப் பண்ணித்தான் வந்தான். பீப்பாயை உருட்டிப் படகில் ஏற்றி, வேலிக்குப் போய், மீனைக் கூட்டுக்குள் கவிழ்த்தான். கூட்டின் கதவு திறந்திருந்தது. மீன் போய்விடுமே என்று கதவை இறக்கித் தாழ்போட்டான். வீட்டுக் கதவைச் சாத்துவதுபோல, யோசிக்காமலே சாத்தினான். இரண்டு வருஷமாக அவன் வேலை பார்த்த அணையின் கதவுகளுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது.

சவுனாவில் உட்கார்ந்து சூடான கல்லில் தண்ணீரை ஊற்றும்போதுதான் அவனுக்கு உறைத்தது. அன்றைக்குச் சனிக்கிழமை. கதவு திறந்திருந்தது யாரோ மறந்ததால் அல்ல. ஓடிப்போய்த் திறந்துவிடலாம், திறந்தால் மீன் போய்விடும். மீனைக் கண்ட சந்தோஷத்தில் கதவை யார் கவனிக்கப் போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டான். சாய்மி முதுகு தேய்த்துவிட வந்தபோது, போதும் என்று எழுந்து போய்விட்டான்.

காலையில் அவன் கரைக்குப் போவதற்குள் ஹில்யா அங்கே இருந்தாள். பாதி ஊரும் இருந்தது. மீன் இரவிலேயே செத்துவிட்டிருந்தது. பீப்பாய்ப் பயணம் அதற்குத் தாங்கவில்லை. ஹில்யா அதைத் தூக்கிக் கரைப் புல்லில் கிடத்தியிருந்தாள். நல்ல பெரிய மீன், வயிறு வெள்ளிபோல மின்னியது. அதைச் சுற்றி நின்றவர்களில் ஒருவரும் சந்தோஷப்படவில்லை என்பது ஆர்னேக்குத் தூரத்திலேயே தெரிந்தது. ஹில்யா மீனின் மூக்கைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினாள். தோல் உரிந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்த மூக்கு. ஆற்றில் எந்தக் கல்லும் அப்படிச் செய்யாது.

"கதவை யாரோ சாத்திருக்காங்க" என்றாள்.

யாரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள், வேலியைப் பார்த்தார்கள், தங்கள் காலணியைப் பார்த்தார்கள். ஒருவராவது நிமிர்ந்து, "ஏண்டா இப்படிப் பண்ணின?" என்று கேட்டிருந்தால் அவன் பதில் சொல்லியிருப்பான், அழுதிருப்பான், சண்டையாவது போட்டிருப்பான். அவனைப் பார்க்கக்கூட அவர்களுக்குக் கூச்சமாக இருந்தது. அவன் படவேண்டிய வெட்கத்தை ஊரே நின்று பட்டுக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை மீன் நம்மளது இல்ல" என்று ஹில்யா கையைப் புல்லில் துடைத்துக்கொண்டாள். "படகு கிடக்கு. நீயே கொண்டுபோய்க் குடு, ஆர்னே."

"சித்தி, நான்..."

"என்கிட்ட சொல்லாத. அங்க போய்ச் சொல்லு. அவங்களும் அன்னைக்குக் கையத் தூக்கினவங்கதான்."

நீரோட்டத்துக்கு எதிரே கம்பு ஊன்றிப் படகைத் தள்ளிக்கொண்டு போனான். தண்ணீர் பாறைகளில் மோதிச் சீறுகிற இடங்களில் இறங்கிக் கயிறு கட்டி இழுத்தான். வழியெல்லாம் மீன் அவன் காலடியில் கிடந்தது. ஆற்றில் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று ஒரு வளைவில் தோன்றியது. கொடுத்துவிட்டேன் என்று சொன்னால் யார் போய் விசாரிக்கப்போகிறார்கள்? அப்படி ஒரு நினைப்பு வந்ததற்காகவே அவன் தன்னைக் காறித் துப்பிக்கொண்டான். ஆனாலும் என்ன சொல்வது என்று முடிவு பண்ணவில்லை. பெத்தாயாக்காரர்களுக்கு மீனின் மூக்கைப் பார்க்கத் தோன்றாமல் போகலாம். நிஸ்காவில் கதவு தானாக விழுந்துவிட்டது என்று சொன்னால் முடிந்தது.

பெத்தாயா கரையில் துணி அலசிக்கொண்டிருந்த ஒருத்திதான் முதலில் கண்டாள். ஞாயிற்றுக்கிழமையில் நிஸ்கா படகு வந்தால் அதில் என்ன இருக்கும் என்று அந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். அவள் துணியைப் போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள். அவன் படகைக் கரையில் ஏற்றுவதற்குள் சனம் கூடிவிட்டது. வேலி கட்டவே வேண்டாமென்று இந்த வருஷம் விட்டுவிட்டவர்கள் அவர்கள். வயசாளிகள் குனிந்து மீனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தர் வாய்விட்டு அழுதார். வந்துவிட்டதா, படி ஏறிவிட்டதா, இன்னும் பின்னால் வருகிறதா என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். அவன் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போதே ஒருவன் அவனைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினான்.

"உன்னை என்னவெல்லாமோ பேசிட்டோம்ப்பா. மனசுல வச்சுக்காத."

அதற்குள் ஒரு அம்மாள் தட்டில் கோப்பையோடு வந்தாள். பையன் ஸ்வீடனிலிருந்து அனுப்பியதை ஒரு விசேஷத்துக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாளாம். ஆர்னேக்கு மணம் முதலில் வந்தது. நிஜக் காப்பி. கோப்பையைக் கையில் வாங்கிக்கொண்டான். குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை. எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவன் குடித்தான். அது தொண்டையில் இறங்கிய விதம் அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

மீனை அறுக்க யால்மரி வந்தார். பெத்தாயாவின் வேலிக்கு அவர் தலைவர். பெரிய உருவம், அதிகம் பேசாதவர். பூர்ச்ச மரத்தின் இலைக்கொத்துகளைக் கரையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு வைத்தார். பங்கு போடும்போது ஒருவன் மீனுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அறுத்தவர் ஒரு துண்டைத் தொட்டு, இது யாருக்கு என்று கேட்பார். நிற்பவன் பார்க்காமல் ஒரு வீட்டின் பெயரைச் சொல்வான். பெரிய துண்டு யாருக்குப் போனது, வால் யாருக்குப் போனது என்று அப்புறம் யாரும் வாய் திறக்க முடியாது. மீன் கொண்டுவந்தவனுக்கு அந்த மரியாதையைக் கொடுத்தார்கள். அந்த ஊரில் அவனுக்குத் தெரியாத வீடில்லை.

ஆர்னே ஆற்றைப் பார்த்து நின்றான். பின்னால் யால்மரியின் கத்தி பலகையில் படுகிற சத்தம் கேட்டது.

"இது யாருக்கு?"

அவனுக்குப் பெயர் வரவில்லை. முன்னால் ஆறு மட்டும்தான் இருந்தது. ஒரு முகமும் இல்லை. எதிரே முகம் இருந்திருந்தால் அவன் கடைசிவரை சொல்லியிருக்கமாட்டான்.

"இது படி ஏறி வரல" என்றான். "அணைக்குக் கீழ நான் வாங்கினது. பீப்பாயில வச்சு லாரியில கொண்டாந்து, நிஸ்கா கூட்டுல போட்டுக் கதவைச் சாத்தினதும் நான்தான். மீன் வராது. இனிமேல் எப்பவும் வராது. போன வருஷமே எனக்குத் தெரியும். அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல சொன்னது பொய், நான் படிக்கட்டைப் பாக்கவே இல்ல. படத்தத்தான் பாத்தேன்."

கத்தியின் சத்தம் நின்றது. ஒரு குழந்தை ஏதோ கேட்டது, யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். அவன் திரும்பவில்லை. ஒரு கல் முதுகில் வந்து விழாதா என்று காத்திருந்தான். விழுந்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும் என்று தோன்றியது. காப்பி கொடுத்த அம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. மற்றவர்களும் போய்விட்டார்களா, நிற்கிறார்களா என்று அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசியில் யால்மரியின் குரல் வந்தது. கோபம்கூட இல்லை அதில். முன்பு கேட்டதைப் போலவே கேட்டார்.

"இது யாருக்கு?"

ஆர்னே ஒரு வீட்டின் பெயரைச் சொன்னான். யாரோ வந்து அந்தத் துண்டை எடுத்துக்கொண்டு போகிற காலடி கேட்டது. அடுத்தது யாருக்கு என்று கேட்டார். சொன்னான். அப்படியே ஊர் முழுக்கப் பெயர் சொல்லி முடித்தான், ஆண் திரும்பாத வீடுகள் உட்பட. அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இந்த ஆற்றின் மீனை அவர்கள் இனி எப்போது சாப்பிடப் போகிறார்கள்? வேண்டாமென்று சொல்லும் வசதி அவர்களுக்கு இல்லை.

"இது யாருக்கு?" என்றார் யால்மரி மறுபடியும்.

"எல்லா வீடும் ஆயிடுச்சு."

"இன்னும் ஒண்ணு கிடக்கு."

"நான் யாரையும் விடலண்ணே."

"மேலூருக்கு மீன் கொண்டாந்தவனுக்கும் பங்கு உண்டு. அது எங்க வழக்கம். பேரைச் சொல்லு."

ஆர்னே ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஊர்ப் பெயரெல்லாம் சொன்ன வாய்க்கு அந்த ஒரு பெயர் வரவில்லை. யால்மரி அவசரப்படுத்தவில்லை. அவன் சொல்கிறவரை அந்தத் துண்டின்மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.